கறித்தூள் பக்கெட்டில 68 ரூபாய் இலாபமோ? கம்பஸ் பெடியளும் முயற்சியாண்மைப் பாடமும்

கொக்குவிலான்:
முயற்சியாண்மைப் பாடம் (சொந்தமாத் தொழில் தொடங்கப் படிப்பிக்கிறது) கம்பஸில வீண், பெடியள் புள்ளிக்காக மட்டும்தான் எடுக்கினம் எண்டு போன கிழமை இங்க சிலபேர் எழுதியிருந்தவை. அவைக்காகத்தான் இதைப் போடுறன். முகாமைத்துவ மாணவர் குழு ஒண்டு செய்த வணிகத் திட்டம். யாழ்ப்பாணக் கறித்தூள், 100 கிராம் பக்கெட். ஒரு தடவைக்கு 10 கிலோ சாமான்: செத்தல் மிளகாய் 4 கிலோ, மல்லி 4 கிலோ, சின்னச்சீரகம், பெருஞ்சீரகம், மிளகு ஒவ்வொண்டும் அரைக் கிலோ, வெந்தயமும் மஞ்சளும் 200 கிராம் படி, காய்ஞ்ச கறிவேப்பிலை 100 கிராம். சாமான் 8,300 ரூபாய், மில்லுக்கு 600, காஸ் 300, பையும் லேபலும் பக்கெட்டுக்கு 20 படி 2,000. மொத்தம் 11,200. நூறு பக்கெட். ஒண்டுக்கு 112 ரூபாய் கிரயம். கடையில விலை 180. இலாபம் 68.

கேள்விக்கொத்து குடுத்துக் கேட்டாலும் பெடியள் "சொந்தமா ஒண்டு தொடங்க விருப்பம்" எண்டுதான் குறிக்கினம். பாடம் வேண்டாம் எண்டு சொன்ன ஆக்கள் இந்த 68க்குப் பதில் சொல்லட்டும்.

நெல்லியடிச் சந்தை:
நான் சொல்லுறன் பதில். அந்த 68 இல்லாத காசு.

முதலாவது, 10 கிலோ போட்டா 10 கிலோ தூள் வராது. மிளகாயில காம்பு போகும். வறுக்கேக்க ஈரம் போகும். மில்லுக்குள்ள ஒட்டிக்கொண்டு நிக்கும். அரிதட்டில கப்பி நிக்கும். கவனமாச் செய்தாலே நூற்றுக்கு எட்டுப் பங்கு போயிடும் எண்டு வையுங்கோ, 9.2 கிலோ. அப்ப 92 பக்கெட். சாமான், மில், காஸ் எல்லாம் அதே காசுதான், பை மட்டும் 1,840. மொத்தம் 11,040. அதை 92 ஆல பிரியுங்கோ, சரியா 120. உங்கட 112 அங்கயே போச்சு.

இரண்டாவது, 180 எண்டது கடைத் தட்டில இருக்கிற விலை. கடைக்காரன் நூற்றுக்கு இருபது எடுத்தா 36 போக உங்களுக்கு வாறது 144.

மூன்றாவது, கூலி. திட்டத்தில கூலி எண்டு ஒரு வரியே இல்லை. 4 கிலோ மிளகாய்க்குக் காம்பு கிள்ள 3 மணித்தியாலம். மல்லி, சீரகம் புடைச்சுக் கல்லுப் பொறுக்க 1. வறுக்க 3. மில்லுக்குக் கொண்டுபோய்க் காத்து நிண்டு திரும்பி வர 2. ஆறவிட்டு அரிக்க 1. நிறுத்து, அடைச்சு, சீல் பண்ணி, லேபல் ஒட்ட 3. கடை கடையாக் கொண்டுபோய்க் குடுக்க 3. எல்லாம் சேர்த்து 16 மணித்தியாலம், இரண்டு முழு நாள். 2026 ஜனவரியில இருந்து சட்டப்படி ஆகக் குறைஞ்ச நாட்கூலி 1,200. இரண்டு நாளுக்கு 2,400. பக்கெட்டுக்கு 26 ரூபாய்.

120உம் 26உம் 146. கைக்கு வாறது 144. பக்கெட்டுக்கு 2 ரூபாய் நட்டம். இதைத்தான் 68 எண்டு திரையில போட்டுக் காட்டிப் புள்ளி குடுக்கினம்.

ஐந்தொகை:
கூலியைச் சேர்த்தது பிழை. தனி வியாபாரத்தில் உரிமையாளர் எடுப்பது சம்பளம் இல்லை, எடுப்பனவு. அது இலாப நட்டக் கணக்குக்குள் வராது, மூலதனத்தில்தான் கழிபடும். உரிமையாளர் தனக்குத்தானே போட்ட சம்பளத்தை இறைவரித் திணைக்களமும் செலவாக ஏற்காது. ஏ.எல். கணக்கீடு படித்த பிள்ளைக்கும் இது தெரியும். வீணாகும் நிறைக்கும் கடைக் கழிவுக்கும் நான் மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் 144இல் 120 போக 24 ரூபாய் இலாபம். "நட்டம்" என்று எழுதியது தவறு.

கொக்குவிலான்:
பாத்தியளே, படிச்ச ஒராளே சொல்லிட்டார். இலாபம்தான்.

பெடியள் தங்கட குழுவில அஞ்சு பேர் சேர்ந்து சனி ஞாயிறில செய்யினம். ஆருக்குக் கூலி குடுக்கிறது? அந்த நேரம் இல்லாட்டி போனைப் பாத்துக்கொண்டுதான் இருப்பினம். நேரத்துக்கு விலை போடுறது பெரிய கம்பனிக்காரற்ற வேலை.

நெல்லியடிச் சந்தை:
ஐந்தொகை, நிதிக் கணக்கீடு வேற, கிரயக் கணக்கீடு வேற. வரிக்குக் கணக்குக் காட்டேக்க எடுப்பனவு எண்டு எழுதுங்கோ, ஒருத்தரும் மறிக்கேல்லை. விலை போடேக்கயும் இந்தத் தொழில் செய்யலாமோ விடலாமோ எண்டு முடிவெடுக்கேக்கயும் கூலி உள்ளுக்கு வரவேணும். அமையச் செலவு, அதாவது ஒண்டைச் செய்யிறதால கைவிடுற மற்ற வாய்ப்பின்ர பெறுமதி, பொருளியலில முதல் பாடமே அதுதானே. சர்வதேசத் தொழில் அமைப்பின்ர சிறுதொழில் பயிற்சியிலயும் உரிமையாளரே உற்பத்தியில நிண்டா அவற்ற கூலியையும் கிரயத்தில போடச் சொல்லித்தான் படிப்பிக்கினம்.

உங்கட 24ஐயே எடுப்பம். 92 பக்கெட்டுக்கு 2,208 ரூபாய். 16 மணித்தியாலத்தால பிரிச்சா மணிக்கு 138. சட்டப்படி நாட்கூலிக்காரனுக்கு மணிக்கு 150. பட்டப்படிப்பு படிக்கிற பிள்ளை நாட்கூலியிலும் குறைய உழைக்குது, அதுக்குப் பேர் இலாபமாம்.

கொக்குவிலான், அஞ்சு பேர் செய்தா 2,208ஐ அஞ்சாப் பிரியுங்கோ. ஆளுக்கு 441 ரூபாய் 60 சதம். முதல் மாதம் உற்சாகத்தில வருவினம். இரண்டாம் மாதம் ஒருத்தனுக்குச் சோதனை, ஒருத்திக்கு வீட்டில அலுவல். மிஞ்சுற மூண்டு பேர் 16 மணித்தியாலத்தையும் தாங்குவினம், காசு மட்டும் அஞ்சாப் பிரியும். குழு உடையிறது அதாலதான். கூலி வரி இருந்திருந்தா செய்த நேரத்துக்குக் கூலி, மிச்சம் இருந்தா அஞ்சுக்கும் இலாபம் எண்டு சண்டை இல்லாமல் பிரிச்சிருக்கலாம்.

மூன்றாம் வருசம்:
"இலாபம்" எண்டு எதைச் சொல்லுறியள் எண்டு முதலே ஒரு முடிவுக்கு வந்திட்டுக் கதைச்சா நல்லம் அண்ணையவை. ஒராள் கைக்காசைச் சொல்லுறார், மற்றவர் கூலி போக மிச்சத்தைச் சொல்லுறார்.

மாணவர்கள் பக்கம் ஒண்டு சொல்லவேணும். பாடத்தை வெறுக்கிறம் எண்டில்லை. முயற்சியாளரின்ர குணாதிசயங்கள் பத்து, வகைகள் ஆறு எண்டு பாடமாக்கி எழுதிறதுதான் அலுப்பு. பிரதேச செயலகத்தில பெயர் பதியிற படிவம் எப்பிடி, பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தா எதைப் பாப்பார், லேபலில என்ன இருக்கவேணும் எண்டது ஒண்டும் வகுப்பில வாறேல்லை. கடைசிக் கிழமை திட்டத்தை எழுதிக் குடுக்கிறது, பிரசென்டேசன் செய்யிறது, முடிஞ்சுது. இதைப் பற்றி ஆரும் சொல்லுங்கோவன்.

தாவடி:
கூலியை விடுங்கோ. அது யாழ்ப்பாணக் கறித்தூளே இல்லை. மல்லியும் மிளகாயும் சரிக்குச் சரி போட்டா உறைப்புக் காணாது, நிறமும் வராது. மிளகாய் கூட நிக்கவேணும். மற்றது எல்லாத்தையும் ஒரே தாச்சியில ஒண்டாப் போட்டு வறுக்கிற ஆக்கள்தான் உந்தத் திட்டம் எழுதினவை போல. மல்லி முதல், பிறகு மிளகும் சீரகங்களும், வெந்தயம் தனியா, மிளகாய் கடைசியா மெல்லிய நெருப்பில. வெந்தயம் கருகினா முழுத் தூளும் கசக்கும். மஞ்சள் சூடு காட்டினாக் காணும்.

கொக்குவிலான்:
தாவடி, கொக்குவிலில எங்கட வீடுகளில சரிக்குச் சரிதான். அது பால்கறிக்கும் ஒத்துவரும்.

நெல்லியடிக்கு ஒண்டு கேக்கிறன். நீங்கள் போன வருசம் பனாட்டு (பனம்பழக் களியைக் காயவச்சுச் செய்யிறது) இழையிலயும் இதே மாதிரித்தான் "கூலி, கூலி" எண்டு நிண்டனியள். ஆர் என்ன தொடங்கினாலும் நட்டம் எண்டு காட்டுறதே உங்கட வேலை. உங்களை மாதிரி ஆக்களாலதான் பெடியள் அரசாங்க வேலையைப் பாத்துக்கொண்டு இருக்கினம். 2017இல கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) முன்னால பட்டதாரியள் வேலை கேட்டு மாதக்கணக்கா இருந்ததை மறந்திட்டியளோ?

68 இல்லாட்டி 24 எண்டே வைப்பம். இலாபம் இலாபம்தான்.

நெல்லியடிச் சந்தை:
மறக்கேல்லை. 2020இல அம்பதாயிரம் பட்டதாரியளை மாதம் 20,000 ரூபாய் குடுத்துப் பயிலுனரா எடுத்ததும் ஞாபகம் இருக்கு. உங்கட 2,208ஐயும் அந்த 20,000ஐயும் பக்கத்தில வச்சுப் பாருங்கோ. பெடியன் அரசாங்க வேலையை விரும்பிறது சோம்பலால இல்லை, கணக்குத் தெரிஞ்சபடியால. கூலி வரியை ஒளிச்சுக் காட்டிற பாடம் அவனைத் தொழிலுக்குக் கொண்டுவராது. கொண்டுவந்தாலும் மூண்டாம் மாதம் திருப்பி அனுப்பும்.

பனாட்டிலயும் நான் சொன்னது சரிதான். பழம் சும்மா விழுகுது, அதால மூலப்பொருள் செலவு பூச்சியம் எண்டு எழுதியிருந்தியள். பிசைஞ்சு, பாயில ஊத்தி, நாளுக்கு நாள் மேல மேல ஊத்திக் காயவச்சு, காகத்துக்கும் மழைக்கும் காவல் இருக்கிறது ஆர்? அதிலயும் கூலிதான் முழுக் கிரயமும்.

ஐந்தொகை:
இன்னொருமுறை சொல்கிறேன். எடுப்பனவு.

மேலும், அமையச் செலவு என்றால் கைவிட்ட அடுத்த சிறந்த வாய்ப்பின் பெறுமதி. சனிக்கிழமை அந்த மாணவனுக்கு யாழ்ப்பாணத்தில் 1,200 ரூபாய் வேலை உண்மையில் கிடைக்குமா? கிடைக்காவிட்டால் அமையச் செலவு பூச்சியம். உங்கள் சொந்த வாதத்தின்படியே கூலி பூச்சியம். குறுங்காலத்தில் மாறுஞ்செலவு (உற்பத்தியோடு கூடிக் குறையும் செலவு) போக ஏதும் மிஞ்சினால் செய்யலாம் என்பதும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

நெல்லியடிச் சந்தை:
சோதனைக்குப் படிக்கிற நேரத்தின்ர பெறுமதி பூச்சியமோ? ஏ.எல். பிள்ளையளுக்கு வீட்டுக்குப் போய்ப் படிப்பிக்கிற கம்பஸ் பெடியள் எத்தினை பேர் இருக்கினம் கம்பஸ் இருக்கிற திருநெல்வேலியைச் சுத்தி? அவைக்கு மணிக்கு 138 ரூபாய் குடுத்துப் பாருங்கோ, வாசலுக்கும் வரமாட்டினம்.

இனி, இது நான் மட்டும் சொல்லுற கதை இல்லை. இலங்கையிலயே செய்த ஆய்வு இருக்கு. காலி, மாத்தறை, களுத்துறை மாவட்டங்களில சின்னத் தொழில் செய்யிற ஆக்களுக்கு 10,000, 20,000 ரூபாய் படி குலுக்கல் முறையில குடுத்துப் பாத்தவை. டி மெல், மெக்கன்சி, வூட்ரஃப் எண்ட பொருளியலாளர் மூண்டு பேரும் 2008இல வெளியிட்டவை. மூலதனத்துக்கு மாதம் நூற்றுக்கு ஐந்தளவில வருவாய் எண்டு கண்டவை. அந்தக் கணக்குக்கு அவை செய்தது என்ன தெரியுமோ? உரிமையாளர் கூடுதலா வேலை செய்த நேரத்துக்குப் பெறுமதி போட்டு இலாபத்தில கழிச்சவை. அப்பிடிக் கழிக்காட்டி அது மூலதனத்தின்ர வருவாயோ மனிசன்ர உழைப்போ எண்டு பிரிக்கேலாது. அமையச் செலவு பூச்சியம் எண்டு அவை விட்டிட்டுப் போகேல்லை.

அதே ஆக்கள் 2014இல வெளியிட்ட மற்ற ஆய்வில, ஏற்கெனவே தொழில் செய்யிற பெண்களுக்கு வகுப்பு மட்டும் நடத்தினா இலாபம் கூடேல்லை எண்டும் கண்டவை. காசும் சேர்த்துக் குடுத்தப்ப கூடினது, அதுவும் இரண்டாம் வருசம் கரைஞ்சு போச்சு.

கொக்குவிலான்:
ஆய்வு ஆய்வு எண்டு வெருட்டாதேங்கோ. அது தெற்கில, அதுவும் கம்பஸ் படிக்காத ஆக்கள். எங்கட பெடியளுக்கு விருப்பம் இருக்கு. கேள்விக்கொத்து சொல்லுது. விருப்பம்தான் முதல்.

நெல்லியடிச் சந்தை:
கேள்விக்கொத்துக்கும் வாறன். உங்க குடுக்கிற கேள்விக்கொத்துகள் கூடுதலா 1991இல உளவியலாளர் அய்சன் எழுதின திட்டமிட்ட நடத்தைக் கோட்பாட்டை வச்சுத்தான். மனப்பாங்கு, சுத்தியிருக்கிற ஆக்களின்ர எதிர்பார்ப்பு, தன்னால ஏலும் எண்ட நம்பிக்கை, இந்த மூண்டும் சேர்ந்து எண்ணம். அளக்கிறது எண்ணத்தை. ஒண்டில இருந்து அஞ்சு வரைக்கும் வட்டம் போடுறது. பாடம் எடுக்கிற சேர் முன்னால நிக்கேக்க "விருப்பமில்லை" எண்டு ஆர் வட்டம் போடுவினம்? இரண்டாவது கேள்வியை, வீட்டுக்காரர் என்ன சொல்லுவினம் எண்டதை, வடிவாப் பாருங்கோ. யாழ்ப்பாணத்தில அம்மா அப்பாவின்ர எதிர்பார்ப்பு எந்தப் பக்கம் எண்டு நான் சொல்லத் தேவையில்லை.

பாடம் எடுத்தா விருப்பம் கூடும் எண்டதும் நிச்சயமில்லை. நெதர்லாந்தில ஒரு கல்லூரியின்ர ஒரு வளாகத்தில மாணவர் சின்னக் கம்பனி நடத்திற பாடம் இருந்தது, மற்ற வளாகத்தில இல்லை. ரண்டையும் ஒப்பிட்டு ஆய்வாளர் 2010இல எழுதினவை. திறமையில மாற்றம் இல்லை. தொழில் தொடங்கிற எண்ணம் குறைஞ்சது. ஏன் எண்டா உண்மையாச் செய்து பாத்ததால தங்களுக்கு ஒத்துவருமோ எண்டு விளங்கியிருக்கலாம் எண்டு அவையே சொல்லினம். எனக்கு அது நல்ல பாடமாத்தான் தெரியுது. இங்க எண்ணம் கூடுறது 68ஐக் காட்டுறபடியால.

தாவடி:
நீங்கள் ஹொலண்ட் போயிட்டியள். நான் கேட்ட வறுவலுக்கு ஒருத்தரும் பதில் சொல்லேல்லை. மில்லைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. அரிசி மா அரைச்ச மில்லில உடன தூள் அரைச்சா முதல் வாறது மாவும் தூளும் கலந்ததுதான். முதல் கொஞ்சத்தை ஒதுக்கவேணும். அதுவும் வீண்தான், நெல்லியடி அதைக் கணக்கில எடுக்கேல்லை.

நெல்லியடிச் சந்தை:
எடுத்திருக்கிறன். எட்டுப் பங்குக்குள்ள அதுவும்தான். மிளகாய் மட்டும் அரைக்கிற மில்லுக்குப் போனா அந்தப் பிரச்சினை இல்லை. நெல்லியடியில இருக்கு.

தாவடி:
நெல்லியடியில மட்டும்தான் மில் இருக்கோ? சுன்னாகத்தில, மருதனார்மடத்தில எல்லாம் இருக்கு. வடமராட்சிக்காரர் எல்லாம் தங்கட ஊரில தொடங்கினதெண்டு கதைக்கிறதை விடவேணும்.

மூன்றாம் வருசம்:
நான் ஒரு கணக்குப் பாத்தன். கடைக்குக் குடுக்காமல் நேரா வித்தா 180உம் கைக்கு வரும். 120 போக 60. கடைகளுக்குக் கொண்டுபோற 3 மணித்தியாலம் இல்லை. ஆனா 92 பக்கெட்டையும் ஆளுக்கு ஒண்டா விக்க, ஒண்டுக்கு 5 நிமிசம் வச்சாலும் 7 மணித்தியாலம் 40 நிமிசம். செய்யிற 13 மணித்தியாலத்தோட கூட்டினா 20 மணி 40 நிமிசம். மணிக்கு 150 படி 3,100 ரூபாய், பக்கெட்டுக்கு கிட்டத்தட்ட 34. கூலியும் போட்ட பிறகும் 26 ரூபாய் மிஞ்சுது. 68உம் இல்லை, நட்டமும் இல்லை. இதை ஏன் ஒருத்தரும் பாக்கேல்லை?

கொக்குவிலான்:
பிள்ளை நல்லாச் சொன்னீர். இலாபம் எண்டு தானே வருது! நெல்லியடி இப்ப என்ன சொல்லுறார் பாப்பம்.

நெல்லியடிச் சந்தை:
தங்கச்சி கூலி வரியைப் போட்டுத்தான் கணக்குப் பாத்திருக்கிறா, கொக்குவிலான். அதைக் கவனிச்சியளோ? நான் கேட்டது அந்த வரியைத்தான்.

26உம் முதல் தடவைக்குத்தான். 100 கிராம் ஒரு வீட்டில எத்தினை நாள் போகும்? தெரிஞ்ச ஆக்கள் ஒருக்கா வாங்குவினம். அடுத்த கிழமை அதே ஆக்களிட்டப் போகேலாது. விடுதியில இருக்கிற பிள்ளையள் சமைக்கிறது குறைவு. மூண்டாம் தடவையோட கடைக்குப் போய்த்தான் ஆகவேணும். கடையில சாமானை வச்சிட்டு வித்த பிறகு காசு எண்டு சொல்லுவினம், பெரிய கடைகளில 30, 45 நாள். விக்காதது திரும்பி வரும், லேபல் கசங்கி, பை கீறுப்பட்டு. அதைத் திருப்பி விக்கேலாது.

சரி, கூடச் செய்தாக் கூலி குறையும் எண்டு ஆரும் சொல்ல முதல் நானே சொல்லுறன். 50 கிலோ போட்டா மில்லுக்கு ஒரே தரம் போகலாம், கடைப் பயணம் இரட்டிப்பானாக் காணும். மிச்ச 11 மணித்தியாலம் அஞ்சு மடங்காகத்தான் கூடும், ஏன் எண்டா வீட்டுத் தாச்சியில ஒரு ஈட்டுக்கு, அதாவது ஒரு தடவைக்கு, ஒண்டரை ரண்டு கிலோவுக்கு மேல போட்டா அடியில கருகி மேல பச்சையா நிக்கும். 55உம் 2உம் 6உம், 63 மணித்தியாலம். 9,450 ரூபாய். 460 பக்கெட்டுக்குப் பிரிச்சா 20 ரூபாய் 54 சதம். 144இல 120உம் அதுவும் போக 3 ரூபாய் 46 சதம் மிச்சம். அதுக்கு 55,200 ரூபாய் முதல் போடவேணும். வித்த காசு கைக்கு வர முன்னம் இரண்டாவது ஈடும் செய்யவேணும் எண்டா 110,400. அதை எந்த மாணவன் மஹாபொலப் புலமைப்பரிசில் காசில மிச்சம் பிடிச்சு வச்சிருக்கிறான்?

ஐந்தொகை:
3 ரூபாய் 46 சதத்திலும் உரிமையாளர் கூலி கழிக்கப்பட்டிருக்கிறது. அது சரியான இலாபம் அல்ல. 24தான்.

நெல்லியடிச் சந்தை:
ஆள் வச்சுச் செய்தாலும் 24 எண்டுதான் சொல்லுவியளோ? ஆள் வச்சா கூலியோட ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 சதவீதம், நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம். 2,400க்கு 360. பக்கெட்டுக்கு இன்னும் 4 ரூபாய். உரிமையாளர் காய்ச்சலில படுத்த கிழமை இலாபம் 24இல இருந்து நட்டம் 6 ஆக மாறுமோ? மல்லியும் மிளகாயும் அதேதானே, செய்த முறையும் அதேதானே. இப்பிடி ஆள் மாற மாறுற தொகையை வச்சு விலை போடேலாது.

மூன்றாம் வருசம்:
நான் கேட்ட படிவம், லேபல் விசயத்துக்கு இன்னும் ஒருத்தரும் பதில் தரேல்லை.

தாவடி:
அது பிரதேச செயலகத்தில கேட்டாச் சொல்லுவினம் பிள்ளை. முதல் தூளைச் சரியாப் போடப் பழகுங்கோ. கறிவேப்பிலை கையால நொருக்கினா மொறுமொறு எண்டு உடையவேணும். இல்லாட்டி அந்த ஈரத்தில தூள் பூஞ்சணம் பிடிக்கும்.

நெல்லியடிச் சந்தை:
தங்கச்சிக்கு நான் சொல்லுறன். சொந்தப் பேரில விக்காமல் வேற ஒரு பேர் வச்சா வியாபாரப் பெயர் பதியவேணும். ஜீ.எஸ். (கிராம அலுவலர்) இட்ட உறுதிப்படுத்தி வாங்கிக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போகவேணும். அந்தச் சான்றிதழ் இல்லாட்டி வியாபாரப் பேரில வங்கிக் கணக்குத் திறக்கேலாது. பெரிய கடைக்காரர் அந்தப் பேருக்குத்தான் காசோலை எழுதுவினம். கணக்கு இல்லாட்டிக் காசோலையை வச்சுப் பாத்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான்.

சாப்பாட்டுச் சாமான் எண்டபடியால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் போகவேணும். பி.எச்.ஐ. செய்யிற இடத்தைப் பாப்பார். வாடகை அறைக்குள்ள, நாலு பேர் பாவிக்கிற குசினியில செய்யிறதெண்டு சொன்னா ஏற்கமாட்டார். லேபலில சாமானின்ர பேர், சேர்மானங்கள், நிகர நிறை, உற்பத்தித் திகதி, முடிவுத் திகதி, தொகுதி இலக்கம், செய்த ஆளின்ர பேர் முகவரி, ஆகக் கூடிய சில்லறை விலை எல்லாம் இருக்கவேணும்.

நிகர நிறை எண்டது பை இல்லாமல். பையோட சேர்த்து 100 நிறுத்தா உள்ளுக்க 95, 96தான் இருக்கும். பிடிபட்டா வழக்கு. பயத்தில ஒவ்வொண்டிலயும் 3 கிராம் கூடப் போட்டா 92இல 276 கிராம், கிட்டத்தட்ட மூண்டு பக்கெட் சும்மா போகுது. வெறும் பையைத் தட்டில வச்சுத் தராசைப் பூச்சியமாக்கிப்போட்டு நிறுக்கவேணும். தராசுக்கும் அளவீட்டுத் திணைக்களத்தின்ர முத்திரை வேணும். கேக் செய்யிற தராசை வச்சு வியாபாரம் செய்யேலாது.

மில்லில இருந்து வாற தூள் சுடும். சுடச்சுட அடைச்சா பைக்குள்ள வேர்க்கும், கட்டிபடும், பிறகு பூஞ்சணம். துணியில பரப்பி நல்லா ஆறினாப் பிறகுதான் சீல். மெல்லிய பொலித்தீனில போட்டா ஒரு மாதத்தில வாசம் போயிடும். அதாலதான் அந்த 20 ரூபாயில பைக்கு மட்டும் 14 ரூபாய் குடுக்கவேண்டி இருக்கு.

இவ்வளவும் ஒரு பருவத்தில படிப்பிக்கலாம். படிப்பிச்சா மாணவர் பாடத்தைப் பற்றிச் சொல்லுற கருத்தும் வேற மாதிரி இருக்கும். எல்லாத்துக்கும் முதல் பலகையில கூலி எண்டு ஒரு வரி எழுதவேணும்.

கொக்குவிலான்:
திரும்பவும் கூலி. பெடியள் கஷ்டப்பட்டு ஒரு திட்டம் செய்தா, தட்டிக் குடுக்கிற ஒரு வார்த்தை உங்களிட்ட இல்லை. பாடம் குடுக்கிறது துணிவை. கணக்கை எப்பவும் திருத்தலாம்.

நெல்லியடிச் சந்தை:
துணிவோட அம்மாவின்ர காப்பை அடகு வச்ச பிறகு திருத்தேலாது.

தாவடி:
இப்ப காப்பும் வந்திட்டுது. நான் போறன். மிளகாய் கூட நிக்கவேணும், அதை மட்டும் எழுதி வையுங்கோ.

கொக்குவிலான்:
சரிக்குச் சரிதான்.

ஐந்தொகை:
உரிமையாளர் கூலியைச் செலவாகப் பதிந்த ஒரு தனி வியாபாரக் கணக்கை யாராவது காட்டட்டும். அதுவரைக்கும் 24.

நெல்லியடிச் சந்தை:
நீங்கள் அந்த 24க்கு மாதம் முழுக்க 16 மணித்தியால ஈடு எட்டுச் செய்ய ஆள் பிடிச்சுத் தாங்கோ. எட்டு ஈட்டுக்கு 17,664 ரூபாய் வரும். அதுக்கு ஆர் வருவினம் எண்டு இங்கயே எழுதுங்கோ, நான் பாத்துக்கொண்டுதான் இருப்பன்.

மூன்றாம் வருசம்:
ஈடு எட்டுக்கு 736 பக்கெட். அதை எந்தக் கடைகளில வைக்கிறது எண்டும் ஆரும் சொல்லுங்கோ.